ஞாயிற்றுக்கிழமை மாத்திரை: ஒரு மருந்துக்கடை நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரில் பதினேழு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். பதிவு பெற்ற மருந்தாளுநர். கீழே எழுதியிருப்பது என் கடையில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கையாளும் எந்தக் கடையிலும் இது நடக்கலாம் என்பதால்தான் எதையும் மறைக்காமல் எழுத நினைத்தேன்.

பின்னணி

நோயாளி ஒரு அம்மா, வயது 64. வீட்டிலிருந்தபடி பூ கட்டிக் கொடுப்பவர். இரண்டு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாமல், நார் எடுத்துப் பூ தொடுக்க முடியாமல் இருந்தவர், மெத்தோட்ரெக்சேட் தொடங்கிய பிறகுதான் மறுபடி கூடையைத் தொட்டார். ஒன்பது மாதமாக அந்த மருந்தில் இருந்தார். மூட்டு மருத்துவர் வெளியூரிலிருந்து மாதம் இரண்டு முறை வந்து பார்ப்பவர்.

சீட்டில் இருந்தது இதுதான்: மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு. ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், மற்ற ஆறு நாளும்.

மெத்தோட்ரெக்சேட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையை அது தடுக்கிறது. வாரம் ஒரு முறை சிறிய அளவில் எடுத்தால் மூட்டு வீக்கம் அடங்கும், உடம்புக்கும் மீள நேரம் கிடைக்கும். அதையே தினமும் எடுத்தால் அந்த இடைவெளி போய்விடுகிறது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும். வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அந்த வகை. மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், கூடவே வலி மாத்திரையும் சேர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும்.

அந்தச் சனிக்கிழமை

மாலை ஏழு மணி இருக்கும். கடை முன்னால் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். அம்மாவின் மகன் சீட்டோடு வந்து, மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கேட்டார். மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மெத்தோட்ரெக்சேட் போதும். அட்டையில் பத்து இருக்கும். வெட்டிக் கொடுத்தால் மிச்சத் துண்டு விற்காமல் தங்கிவிடும் என்று, கடைப் பையன் இரண்டு முழு அட்டையாகக் கொடுத்தான். இருபது மாத்திரை.

வழக்கமாக அவர் வாங்கும் கம்பெனி மருந்து அன்று இருப்பில் இல்லை. அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி. எடுத்துக் கொடுக்கச் சொன்னது நான்தான். மருத்துவர் கம்பெனிப் பெயர் போட்டு எழுதிய சீட்டுக்கு, அதே மருந்தாகவே இருந்தாலும் நாமாக வேறு கம்பெனியுடையதைக் கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளில் 65(11ஏ) சொல்கிறது. எனக்கும் அது தெரியும். தினமும் எல்லாக் கடையிலும் நடப்பதுதானே என்று அன்று நானும் செய்தேன். ஃபோலிக் அமிலமும் அன்று வேறு கம்பெனி.

பையன் கவரின் மேல் 'வாரம் 1' என்று பேனாவால் எழுதினான். இன்னொரு கவரில் 'தினம் 1, ஞாயிறு வேண்டாம்'. மகனிடம், "பழைய மாதிரியே சாப்பிடச் சொல்லுங்க சார்" என்றான். மகன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கவனித்தவை

பதினோரு நாள் கழித்து, புதன்கிழமை மாலை ஆறரைக்கு, மருமகள் வந்தார்.

"அண்ணா, வாய்ப்புண்ணுக்கு ஏதாவது ஜெல் குடுங்க. பி காம்ப்ளெக்ஸும் ஒரு அட்டை."

ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இப்படிக் கேட்பார்கள். கை தானாக ஜெல் இருக்கும் தட்டுக்குப் போனது. யாருக்கு என்று கேட்டேன்.

"அத்தைக்கு. மூணு நாளா சாப்பிடவே முடியல. தண்ணி பட்டாலே எரியுதாம். நேத்துலேர்ந்து காய்ச்சல் வேற."

அந்தக் காய்ச்சல்தான் என்னை நிறுத்தியது. அத்தை யார், என்ன மாத்திரை எடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். வாய்ப்புண், காய்ச்சல், மெத்தோட்ரெக்சேட் மூன்றும் ஒன்றாக வந்தால் ஜெல் எடுத்துக் கொடுக்கிற விஷயமில்லை.

மருமகளின் போனிலிருந்தே அம்மாவிடம் பேசினேன். முதலில் நான் கேட்ட விதமே தப்பு.

"அம்மா, அந்த மூட்டு மாத்திரையை ஞாயிறு மட்டும்தானே சாப்பிடுறீங்க?"

"ஆமா தம்பி. ஞாயிறு மட்டும்தான். நீங்க சொன்ன மாதிரிதான்."

குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சரி, மருந்தைச் சரியாகத்தான் எடுக்கிறார், இது வேறு ஏதோ காய்ச்சல் என்று நினைத்து ஜெல்லைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஏதோ ஒன்று உறுத்தியதால், வீட்டிலிருந்த மகனிடம் எல்லா அட்டையையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்.

படம் வந்தது. மெத்தோட்ரெக்சேட் இரண்டு அட்டையில் ஒன்றில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம். இன்னொன்று முழுசாக இருந்தது. மொத்தம் பதினொன்று. இருபதில் ஒன்பது போயிருக்கிறது. வாங்கிய பிறகு வந்த ஞாயிறு இரண்டே இரண்டு. ஃபோலிக் அமில அட்டையில் இரண்டு குழி மட்டும் காலி.

மறுபடி அம்மாவிடம் பேசினேன். இந்த முறை வேறு மாதிரி கேட்டேன். "அம்மா, ஞாயித்துக்கிழமை எந்த அட்டையிலிருந்து எடுக்கிறீங்க? பார்க்க எப்படி இருக்கும்னு உங்க வாயால சொல்லுங்க."

"வெள்ளி அட்டை தம்பி. மத்த நாளுக்கு, உள்ள மஞ்சளா மாத்திரை தெரியுமே, அது."

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஒன்பது மாதமாக அவருடைய மெத்தோட்ரெக்சேட் வெள்ளித்தாள் அட்டையில் வந்தது. ஃபோலிக் அமிலம், மாத்திரை வெளியே தெரிகிற அட்டையில் வந்தது. இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையில் இருக்கும் ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது, கவரில் எழுதியது கண்ணுக்கு எட்டவில்லை. அதனால் அட்டையைப் பார்த்து அவராக ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கு ஒன்பது மாதமும் தவறவில்லை. நாங்கள் கம்பெனியை மாற்றியபோது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தெரிகிற அட்டையிலும், ஃபோலிக் அமிலம் வெள்ளித்தாள் அட்டையிலும் வந்து, இரண்டும் இடம் மாறிவிட்டன. 'பழைய மாதிரியே சாப்பிடுங்க' என்று சொல்லியிருந்தோம், அவர் பழைய மாதிரியேதான் சாப்பிட்டார்.

ஒன்பது மாத்திரை என்றால் 67.5 மில்லிகிராம். எடுத்திருக்க வேண்டியது 15. பாதுகாப்புக்காகக் கொடுக்கிற ஃபோலிக் அமிலமும் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. போதாததற்கு, உடம்பு வலிக்கிறது என்று திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டில் கிடந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேறு எடுத்திருக்கிறார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜெல்லும் பி காம்ப்ளெக்ஸும் கொடுக்கவில்லை. கொடுத்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும், குடும்பம் இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடும். அந்த இரண்டு நாள் அவருக்கு இல்லை என்று தோன்றியது.

இரண்டு மாத்திரையையும் வலி மாத்திரையையும் உடனே நிறுத்தச் சொன்னேன். ஃபோலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்துச் சரிக்கட்டலாமா என்ற யோசனை வந்தது. இந்த அளவு நச்சுக்கு அது மாற்றில்லை. மெத்தோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கும் லியூகோவோரின் என்ற மருந்து வேண்டும், அது மருத்துவமனையில் மருத்துவர் முடிவு செய்து கொடுக்க வேண்டியது. என் வேலையின் எல்லை அங்கே முடிகிறது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மூட்டு மருத்துவரை இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. உதவியாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மறுநாள் வரை காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். லியூகோவோரினை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. அரை மணி நேரத் தூரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ரத்தப் பரிசோதனை இரவிலும் நடக்கும்.

குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் அதிகம் தயங்கினேன். 'ஒண்ணும் பயப்படாதீங்க, காட்டிட்டு வாங்க' என்றால் காலையில் போகலாம் என்று இருந்துவிடுவார்கள். 'உயிருக்கு ஆபத்து' என்றால் அம்மா காதில் விழுந்து அவர் இடிந்துபோவார். கடைசியில் மகனிடம் சொன்னது இதுதான்: "சார், மாத்திரை மாறிப்போய், வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட வேண்டியதை அம்மா தினமும் சாப்பிட்டிருக்காங்க. அதனால ரத்த அணுக்கள் குறைஞ்சிருக்கலாம். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அதோட அடையாளம். மாற்று மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு. ராத்திரியே போகணும், இப்பவே கிளம்புங்க." சொல்லிவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். இரவு என்பதையும் சொன்னார்.

பணி மருத்துவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மருந்தின் பெயர், அளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் ஒன்பது, கடைசி மாத்திரை இன்று காலை எட்டு மணி, டைக்ளோஃபெனாக் இரண்டு நாள், வாய்ப்புண் மூன்று நாள், காய்ச்சல் ஒரு நாள், என் பதிவு எண், என் போன் எண். இதனால்தான் என்று தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. மிச்சமிருந்த அட்டைகளையும் கையோடு கொண்டுபோகச் சொன்னேன்.

தொடர்ந்து நடந்தது

இரவு ஒன்பதரைக்குப் பணி மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். கடைசி மாத்திரை எடுத்த நேரத்தையும் எண்ணிக்கையையும் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். பதினேழு வருடத்தில் அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர் என்னிடம் மருந்து விவரம் கேட்டது அதுதான் முதல் முறை.

வெள்ளணுக்கள் 1,900, தட்டணுக்கள் 62,000. இரண்டும் மிகக் குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6, அது அதிகம். இரவே லியூகோவோரின் ஊசி, நரம்பு வழியே திரவம், நோய்த்தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக். மூன்றாம் நாள் வெள்ளணுக்கள் இன்னும் இறங்கின. அந்த ஒரு நாள் எனக்குக் கடையில் எதுவும் ஓடவில்லை. ஆறாம் நாள் ஏறத் தொடங்கின. ஒன்பதாம் நாள் கஞ்சி குடித்தார். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

தவறு எங்களுடையது என்று எப்போது சொல்வது? வியாழன் காலையிலேயே வார்டுக்குப் போனேன். கடைச் சங்கத்தில் தெரிந்தவர் ஒருவர், "எழுதிக் கொடுத்தது சரிதானே, அவங்கதான் மாத்திக்கிட்டாங்க, நீ ஏன் தலைய குடுக்கற" என்றார். அவர் என்மேல் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் மகன் தன் மனைவியையும் தாயையும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், "பார்த்துக் குடுத்திருக்கக் கூடாதா" என்று. அந்தக் குற்றச்சாட்டை அந்தப் பெண்கள் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அட்டையை மாற்றிக் கொடுத்தது நாங்கள், மாற்றினோம் என்று சொல்லாதது நாங்கள், தேவைக்கு மேல் கொடுத்ததும் நாங்கள் என்று சொன்னேன். மகன் கோபப்பட்டார். வார்டு என்றும் பார்க்காமல் சத்தம் போட்டார். நான் பதில் பேசவில்லை. அம்மா படுத்தபடியே கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

மருந்துகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்கிற தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் இதைத் தெரிவித்தேன். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் கடைக்காரர்களுக்கும் உரியது. இது 2010 முதல் இயங்குகிற திட்டம். என் கடையிலிருந்து போன முதல் அறிக்கை இது.

எங்கே தவறினோம்

எண்ணிக்கையில். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். நான்கு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால், முதல் வாரம் வியாழக்கிழமையோடு தீர்ந்திருக்கும். "அதுக்குள்ள தீந்துபோச்சே" என்று வெள்ளிக்கிழமை கடைக்கு வந்திருப்பார்கள். நான்கு நாளிலேயே தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் குழப்பம் வராமல் இருக்க 2.5 மில்லிகிராம் மாத்திரை மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தக் கிழமை என்பதை நோயாளியோடு பேசி முடிவு செய்து, சீட்டிலும் மருந்துப் பெட்டியின் மேலும் எழுத வேண்டும் என்று 2020-ல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. அவ்வளவு முன்னெச்சரிக்கை எடுக்கிற அளவுக்கு அங்கேயும் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அப்புறம், பேசியது யாரிடம்? மாத்திரை சாப்பிடுபவரிடம் நாங்கள் ஒருமுறைகூடப் பேசவில்லை. வாங்க வந்தவரிடம் பேசினோம். நம் ஊரில் பெரியவர்களுக்கு மருந்து வாங்க வருவது பெரும்பாலும் மகன், மருமகள், பேரன். சொன்னது வழியில் பாதி உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, கேள்வி. 'தானே' என்று முடியும் கேள்விக்கு நம் ஆட்கள் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்காகவும் சொல்வார்கள், உண்மையாக நம்பியும் சொல்வார்கள். 'எப்படிச் சாப்பிடுறீங்க, சொல்லுங்க' என்று கேட்டால்தான் நடப்பது வெளியே வரும்.

இதையெல்லாம் செய்வது நம் வேலையா என்று சக கடைக்காரர்கள் கேட்கிறார்கள். 2015-ல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் பொறுப்பாகவே எழுதி வைத்திருக்கின்றன. 2020-ல் மாற்றிய மருந்தியல் டிப்ளமோ பாடத்திட்டத்தில், மருந்துக்கடைப் பணியைச் சொல்லித் தரும் சமூக மருந்தகம் தனிப் பாடமாகவே இருக்கிறது. நான் படித்த காலத்தில் ஒரு நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மருந்தின் வேதியியல் தெரியும், எதிரில் நிற்பவரிடம் கேள்வி கேட்கத் தெரியாது. இதற்குத் தனியாகக் காசு கிடையாது என்பதும் உண்மை. ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் பின்னால் நிற்கும் இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இழப்பு சிறியதல்ல, எனக்குத் தெரியும்.

மாற்றியவை

மெத்தோட்ரெக்சேட்டை அலமாரியிலிருந்து எடுத்து என் மேசைக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். பையன் கொடுக்க மாட்டான், நான்தான் கொடுப்பேன். நான் இல்லாத நேரத்தில் அந்த மருந்து இல்லை. எத்தனை மாதச் சீட்டு வந்தாலும் நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் நோயாளியிடம் போகும்படி வெட்டுகிறேன். மிச்சத் துண்டு வீணானால் வீணாகட்டும். சீட்டில் உள்ள கம்பெனி இல்லையென்றால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றுவதில்லை. மாற்றினால் சாப்பிடுபவரிடமே போனில் பேசி, அட்டை எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்கிறேன்.

கவரில் 'வாரம் 1' என்று எழுதுவதை விட்டுவிட்டோம். 'ஞாயிறு மட்டும். மற்ற ஆறு நாளும் தொடக் கூடாது' என்று சிவப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். மூட்டு மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னபோது முதலில் அவருக்கு வருத்தம்தான். இப்போது அவரே சீட்டில் கிழமையைத் தமிழில் எழுதுகிறார்.

வாய்ப்புண் என்று யார் வந்தாலும் ஜெல்லில் கை வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்கிறான் பையன்: யாருக்கு, எத்தனை நாளா, வேற என்ன மாத்திரை எடுக்கிறாங்க. மெத்தோட்ரெக்சேட் கொடுக்கப்படலாம் என்று காட்டும் மூட்டு வலி, சொரியாசிஸ், புற்றுநோய் என்ற சொல் எதுவாவது காதில் விழுந்தால் என்னைக் கூப்பிடுவான்.

சரிப்படாததும் ஒன்று உண்டு. கிழமை போட்ட அச்சு அட்டை அடித்து நோயாளிகளிடம் கொடுத்தேன், டிக் அடித்துக்கொண்டு வர. ஏழு பேரில் இரண்டு பேர்தான் திரும்பக் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் அதை எங்கேயோ வைத்து மறந்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அவசரமில்லாதவர்களை மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் வரச் சொல்கிறேன். வேலைக்குப் போகிறவர்களால் வர முடிவதில்லை.

இப்போதைய நிலை

மூன்று மாதம் ரத்தப் பரிசோதனைகள் சீரான பிறகு, மருத்துவர் அதே 7.5 மில்லிகிராமை மறுபடி தொடங்கினார். அம்மாவுக்குப் பயம். "அது வேணாம் தம்பி" என்று என்னிடம் வந்து சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. விரல்கள் மறுபடி வீங்கியிருந்தன. இரண்டு முறை மருத்துவரிடம் பேசிய பிறகு சம்மதித்தார்.

எந்த நாள் எந்த மாத்திரை என்பதற்கு வழி கண்டுபிடித்தது மருமகள். வீட்டுச் சுவரில் தினம் தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கிறது. ஞாயிறு மட்டும் சிவப்பில் அச்சாகியிருக்கும். நான் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டித் தரும் அட்டைத் துண்டுகளைச் சின்னக் காகித உறைகளில் போட்டு, வரப்போகும் நான்கு ஞாயிற்றுத் தாள்களில் ஸ்டேப்லர் அடித்து வைக்கிறார். தாளைக் கிழித்தால்தான் மாத்திரை கைக்கு வரும். வீட்டில் ஐந்து வயதுப் பேரன் இருப்பதால் காலண்டரை அவன் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றி ஆணி அடிக்கச் சொன்னேன்.

போன மாதம் அம்மாவே கடைக்கு வந்தார், கையில் பூக்கூடை. கேட்காமலேயே இரண்டு அட்டையையும் மேசைமேல் வைத்து, "இது சிவப்புத் தாளு, இது மத்த ஆறு நாளு" என்றார். பிறகு, வெட்டிக் கொடுத்த நான்கு துண்டையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொண்டார்.